கரடிச் சாமான்

சாமான் கட்ட வந்தவர்கள் குப்பைத்தொட்டியைக் குப்பையோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போனார்கள். ராணுவக் குடியிருப்பில் இது ஒன்றும் புதுசு இல்லை. இடமாற்ற உத்தரவு வந்த வீட்டுக்குள் அந்த ஆட்கள் நுழைந்துவிட்டால் கண்ணில் பட்டதெல்லாம் காகிதம் சுற்றிப் பெட்டிக்குள் போய்விடும். எதிர்வீட்டு லெப்டினன்ட் பெண்டாட்டி, பாதி குடித்து வைத்த காபிக் கோப்பையை ஆறு வாரம் கழித்து ஜார்ஜியாவில் பிரித்தெடுத்தாள். உள்ளே காபி இருந்ததாம், கூடவே ஒரு பூஞ்சைக் காடும் முளைத்திருந்ததாம்.

அதனால்தான் சார்ஜெண்ட் வேட் ஹாலோவே துப்பாக்கிகளை மட்டும் அவர்கள் கண்ணிலேயே காட்டவில்லை. அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் பக்கத்து முகாமிலிருந்து கான்சாஸ் முகாமுக்கு மாற்றல். நடுவில் கனடா என்று ஒரு தேசமே படுத்துக்கிடக்கிறது. வேட்டைத் துப்பாக்கி என்றால் எல்லைச் சுங்கச்சாவடியில் விண்ணப்பப் பாரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோகலாம். கைத்துப்பாக்கி கூடவே கூடாது. போன வருஷம் அதே முகாமிலிருந்து கிளம்பிய ஒரு கார்ப்பரல், இருக்கைக்கு அடியில் பிஸ்டல் கிடப்பதை மறந்துபோய் எல்லைக்குப் போனான். பிஸ்டல் போயிற்று, வண்டி போயிற்று, வழக்கு முடிவதற்குள் சட்டைக்கையில் இருந்த பதவிப் பட்டையும் போயிற்று. வேட்டுக்குப் பதினோரு வருஷ உத்தியோகம். அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

வேட் பட்டியல்காரன். அர்க்கன்சாவில் நெல் வயலுக்கு நடுவில் பிறந்தவன். அங்கே வாய்க்கால் மடையைக்கூட அப்பா எண்போட்டு வைத்திருந்தாராம். அந்தப் புத்தி. பிஸ்டல் இரண்டையும் உரிமம் பெற்ற கடைக்காரர் மூலமாகக் கான்சாஸ் கடைக்காரருக்கு அனுப்பிவிட்டான். ரைஃபிள் ஒன்று, இரட்டைக்குழல் ஒன்று, இரண்டும் தோட்டா இல்லாமல், விசைப்பூட்டு போட்டு, பெட்டிக்குள் வைத்துப் பெட்டியையும் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டான். பட்டியலில் கடைசி வரி: ‘லோரெட்டாவின் ரிவால்வர், மச்சான் டெரிலிடம்.’ ஆகஸ்டிலேயே கொடுத்தாயிற்று. சிவப்பு மையில் டிக் அடித்தாயிற்று.

கதை கேட்கிறவர்களிடம் ஒளிப்பானேன்? அந்த ரிவால்வர் இப்போது அவர்களுடைய பிக்கப் வண்டியில், பின்னிருக்கைக்குக் கீழே, பழம் பறிக்கிற வாளியின் அடியில், ஆறு தோட்டாவோடு இருந்தது. லோரெட்டாவுக்கே அது தெரியாது. தெரியாது என்றால், தெரியும். ஆனால் நினைவில் இல்லை.

நடந்தது இதுதான். முகாம் வீட்டை ஒப்படைத்துவிட்டு, போகிற வழியில் டெல்டா என்கிற ஊரில் லோரெட்டாவின் தம்பி டெரில் வீட்டில் மூன்று நாள் தங்கினார்கள். அவள் பிறந்து வளர்ந்த ஊர். முப்பத்தெட்டு வயதுக்குள் அவள் அலாஸ்காவை விட்டு ஒரு நாள்கூட வெளியே போனதில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள், கடைசியாக ஒரு தடவை காட்டுச் சிவப்புப் பழம் பறித்துவிட்டு வருகிறேன் என்று வாளியைத் தூக்கினாள். முதல் உறைபனி விழுந்த பிறகுதான் அந்தப் பழத்துக்கு ருசி.

டெரில் வாசலில் மறித்தான். “அக்கா, வெறுங்கையோடயா போற? மின்கம்பி ஓரமா பொட்டைக் கரடி ரெண்டு குட்டியோட சுத்திக்கிட்டு இருக்கு. புத்தி கித்தி கெட்டுப்போச்சா?”

“பகல்லதானே போறேன்.”

“கரடிக்கு என்ன, நைட் டூட்டி மட்டுமா? இந்தா, புடி.”

உறையோடு ரிவால்வரை எடுத்து அவள் மார்புக்குக் குறுக்கே மாட்டிவிட்டான். அவளுக்கும் அது இல்லாமல் என்னவோபோலத்தான் இருந்தது. ஆறு வருஷம் முன்னால் முப்பதடி தூரத்தில் ஒரு கரடி எழுந்து நின்றபோது இதைத்தான் வானத்தைப் பார்த்து வெடித்தாள். கரடி யோசித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அன்றிலிருந்து காட்டுக்குள் கால் வைத்தால் இது மார்பில் இருக்கும். பறித்து முடித்ததும் துண்டில் சுற்றி வாளியின் அடியில் போடுவாள். மேலே கையுறை, அதற்கும் மேலே பழப் பைகள். ஆறு வருஷப் பழக்கம். அன்றைக்கும் கை தானாகச் செய்தது. அந்தப் பக்கத்துப் பெண்கள் யாரிடமும் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டால் ரைஃபிளைச் சொல்வார்கள், இரட்டைக்குழலைச் சொல்வார்கள். வாளியில் கிடக்கிறதைச் சொல்ல மாட்டார்கள். அது கரடிச் சாமான். விளக்குமாறு மாதிரி, வாளி மாதிரி, அதுவும் ஒன்று.

மறுநாள் டோக் என்கிற ஊரில் பெட்ரோல் போட்டு, அப்பமும் மான்கறிச் சாசேஜும் தின்றுகொண்டிருந்தபோது வேட் பட்டியலை மறுபடி எடுத்தான்.

“லோ, கடைசியாக் கேக்கறேன். கைத்துப்பாக்கி, உதிரித் தோட்டா, எதாச்சும்?”

“நேத்தும் கடைசியாத்தான் கேட்ட.”

“பாரத்துல உன் பேரும் இருக்கு. இரட்டைக்குழல் உன் பேருல. நீதான் கையெழுத்துப் போடணும். மாட்டினா என்னை மட்டும் இல்ல, உன்னையும்தான் உள்ள வைப்பான்.”

“சார்ஜெண்ட், உன் வாயைத் தவிர ஆபத்தான சாமான் எதுவும் இந்த வண்டியில இல்ல. சாப்பிடு.”

பக்கத்து மேஜையில் ஒரு பெண் குபுக்கென்று சிரித்துவிட்டாள். நாற்பது வயது இருக்கும். கம்பளித் தொப்பி, ஆண்பிள்ளைக் கோட்டு. எல்லைக்குப் போகிற வழியில் உள்ள நார்த்வே கிராமத்துப் பழங்குடிப் பெண். வாரம் ஒருமுறை டோக்குக்கு வந்து கிராமத்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போகிறவள். “விடாதம்மா, நல்லாக் குடு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப்போனாள்.

டோக்கிலிருந்து எல்லைக்குத் தொண்ணூறு மைல் சொச்சம். அக்டோபர் முதல் வாரம். இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது. கட்டை குட்டையான கறுப்பு ஸ்ப்ரூஸ் மரங்கள், சதுப்பு, மேலே மெல்லிசாக ஐஸ் கட்டின குட்டைகள். தெற்கே ராங்கல் மலைகள் வெள்ளைவெளேரென்று நின்றன. லோரெட்டா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மஃபின் என்கிற கிழட்டு நாய் பின்னிருக்கையில், வாளிக்கு மேலே, தூங்கியது.

நாற்பது மைல் போயிருப்பார்கள். வளைவு திரும்பியதும் முன்னால் ஒரு பிக்கப் நடுரோட்டில் நின்றது. அந்தத் தொப்பிக்காரி கீழே இறங்கி, கதவில் சாய்ந்து, கையை மட்டும் உயர்த்தி ‘மெதுவா’ என்றாள். வேட் பிரேக்கை மிதித்தான்.

“என்னங்க, வண்டி கோளாறா?”

அவள் உதட்டில் விரல் வைத்தாள். அப்புறம் முகவாயால் ரோட்டைக் காட்டினாள்.

இரண்டு காரிபூ மான்கள் தார்ச்சாலையில் நின்றன. ஒரு தாய், ஒரு கன்று. தாய் இவர்களைப் பார்த்தது, பார்த்து முடித்தது, அந்தப் பக்கம் இறங்கியது. அதற்குப் பின்னால் நான்கு. அதற்குப் பின்னால் இருபது. வேட் இன்ஜினை அணைத்தான். அணைத்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது.

காரிபூ நடக்கும்போது கணுக்காலில் நரம்பு சொடுக்கும். ஒன்று நடந்தால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இங்கே காடு முழுக்கச் சொடுக்கிக்கொண்டிருந்தது. ஊரே கூடி உட்கார்ந்து விரல் சொடுக்குகிற மாதிரி, நிற்காமல், மரங்களுக்கு உள்ளேயிருந்து வந்துகொண்டே இருந்தது. சத்தம் முதலில் வந்தது, பிறகு மரங்களுக்கு இடையில் கொம்புகள் வந்தன, பிறகு உடம்புகள்.

“ஆத்தாடி” என்றாள் லோரெட்டா.

வந்தன. வந்தன. வந்துகொண்டே இருந்தன. வெள்ளைப் பிடரி வைத்த கடாக்கள், கொம்பின் பாரத்துக்குத் தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி. தாய்களை ஒட்டிக்கொண்டு பன்றிமாதிரி உறுமுகிற கன்றுகள். முதுகுமயிரில் உறைபனி. மூச்செல்லாம் சேர்ந்து சாலைக்கு மேலே புகையாக நின்றது. ஈரக் கம்பளியும் தொழுவமும் கலந்த வாடை. வண்டிகளைக் கண்டு அவை மிரளவில்லை. ஆற்றில் கல் கிடந்தால் தண்ணீர் என்ன செய்யுமோ அதைச் செய்தன. இரண்டாகப் பிரிந்து, வண்டியைச் சுற்றி, மறுபடி சேர்ந்து போயின. ஒரு கடாவின் கொம்பு பக்கக் கண்ணாடியை உரசி அதைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிற்று. மஃபின் எழுந்து பார்த்தது. ஊரில் அணிலுக்குக்கூடக் குரைக்கிற நாய். வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. நடுங்கிக்கொண்டே மெல்லப் படுத்துக்கொண்டது.

வேட் சத்தமில்லாமல் கதவைத் திறந்து இறங்கினான். மூன்று வருஷம் அலாஸ்காவில் இருந்து, மூன்று வருஷமும் காரிபூ வேட்டைக்குச் சீட்டு எடுத்து, பனியில் உட்கார்ந்து மூக்கு சிவந்து, ஒரு காரிபூவின் வாலைக்கூடப் பார்க்காதவன். இன்றைக்கு ஆறடி தூரத்தில் ஆயிரம் போகிறது. ரைஃபிள் பெட்டிக்குள் இருக்கிறது, சாவி கழுத்தில் இருக்கிறது.

தொப்பிக்காரி பக்கத்தில் வந்து நின்றாள். பெயர் பெர்னடீன் என்றாள். குரலே எழும்பாமல் பேசினாள். “என்ன சார்ஜெண்ட், கை அரிக்குதா?”

“பாரத்துல எழுதிட்டேன்” என்றான் அவன்.

“வேட்டை சீசன் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. அதுங்களுக்குத் தெரியும். நோட்டீஸ் ஒட்டினதும் முதல்ல அதுங்கதான் வந்து படிக்கும். ரைஃபிளைப் பூட்டி வச்சுட்டியா, வா, வந்து தரிசனம் குடுத்துட்டுப் போறேன்னு வரும்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“அதுங்களக் கேளு. நாலு வருஷம் முன்னாடி ஒருதரம் இதே எடத்துல அஞ்சு மணி நேரம் நின்னேன். அன்னிக்கு எங்கிட்ட ஐஸ்க்ரீம் இருந்துச்சு.”

வேட் விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தான். அவன் அப்படித்தான். உதடு அசைந்தது. நூறு, இருநூறு. பெர்னடீன் அவனைக் கண்ணால் காட்டி, “இவரு எப்பவும் இப்படியா?” என்றாள். “கல்யாணத்துக்கு வந்தவங்களையே எண்ணினாரு” என்றாள் லோரெட்டா. இரண்டு பேரும் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார்கள்.

ஒரு மணி நேரம் போயிற்று. கூட்டம் குறையவில்லை. லோரெட்டாவுக்கு எப்போது அழுகை வந்தது என்று அவளுக்கே தெரியாது. பிறந்ததிலிருந்து இந்த மண்ணில் இருக்கிறாள். காரிபூ கறி தின்றிருக்கிறாள், தோலை உரித்திருக்கிறாள், ஐந்து பத்தாகக் கூட்டம் பார்த்திருக்கிறாள். இப்படிப் பார்த்ததில்லை. கான்சாஸுக்குப் போக இரண்டு மாதமாக அவளுக்கு மனசு ஒப்பவில்லை. இங்கே ஒரு ஊர் ஜனம் அளவுக்கு உயிர்கள், பெட்டி கட்டாமல், யாரையும் கேட்காமல், கிழக்கே பார்த்து நடக்கின்றன. அதற்கு முன்னால் நிற்கும்போது தான் ரொம்பச் சின்னவளாக இருப்பது அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

பெர்னடீன் வண்டியிலிருந்து ஃபிளாஸ்க்கும், காகிதப் பொட்டலத்தில் புகைபோட்ட கருவாடும் கொண்டுவந்தாள். ஆற்று வெள்ளைமீன். விரல் தடிமனுக்குக் கீறி, எண்ணெய் மினுங்க இருந்தது. “தின்னும்மா. அழுதா பசிக்கும்.”

லோரெட்டா வாங்கிக் கடித்தாள். அந்தச் சீமையில் ஒருத்தர் கையிலிருந்து தீனி வாங்கினால் வெறுங்கையோடு நிற்கக்கூடாது. பதிலுக்கு ஒரு பிடியாவது கொடுக்க வேண்டும். “இரு, எங்கிட்ட பழம் இருக்கு. நேத்துப் பறிச்சது” என்று பின்கதவைத் திறந்து, மஃபினைத் தள்ளி, வாளியை இழுத்தாள். மேல் பையைவிட அடிப்பையில் பழம் பெரிசு. நல்லதாகக் கொடுக்கலாம் என்று கையை உள்ளே விட்டாள்.

கையில் துண்டு தட்டுப்பட்டது. துண்டுக்குள் கனம்.

கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். இன்னும் ஐம்பது மைலில் எல்லை. இந்த மான்கள் மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் இந்நேரம் சாவடி ஜன்னலில் நின்று, ‘வேறொன்றும் இல்லை’ என்று சொல்லி, நல்ல மனசோடு, கூசாமல், கையெழுத்துப் போட்டிருப்பாள்.

ஒரு நிமிஷம் கெட்ட யோசனையும் வந்தது, இல்லாமல் என்ன. பழ வாளியை எவன் கிண்டப்போகிறான்? இல்லாவிட்டால் அதோ அந்தக் குட்டையில் வீசிவிட்டால் யாருக்குத் தெரியும்? வேட் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். எண்ணுவதை நிறுத்தியிருந்தான். கை இரண்டும் தொங்கிக்கிடக்க, வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருஷமாக அவன் முகம் இப்படி மடிப்புக் கலைந்து அவள் பார்த்ததில்லை. அந்த முகத்தைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆனாலும் போய் அவன் முழங்கையைத் தொட்டாள்.

“வேட். கத்தாத.”

“நான் எங்க கத்தினேன்?”

“இனிமே கத்துவ. வா.”

வாளிக்குள் எட்டிப் பார்த்தான். துண்டு விலகிக் கைப்பிடி தெரிந்தது. அவன் முகத்தில் ரத்தம் ஏறியது, இறங்கியது. கத்தத்தான் வாயைத் திறந்தான். இரண்டடி தூரத்தில் ஒரு கன்று நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான்.

“மூணு தடவ கேட்டேன்டி!”

“நாலு தடவ.”

“டெரில்கிட்ட குடுத்தாச்சுன்னு டிக் போட்டேன்!”

“குடுத்தேன். பழம் பறிக்கப் போகும்போது அவன் திருப்பிக் குடுத்தான். கரடி இருக்குன்னான்.”

“ஒனக்கு மூளைன்னு ஒண்ணு…”

“மெதுவா. கன்னுக்குட்டி பயந்துக்கும்.”

“நான் பயந்துக்கலையா? பட்டை போயிருக்கும் லோ! நீ ஜெயில்ல இருந்திருப்ப! எவனோ ஒருத்தன் கேட்டா, ஞாபகம் இல்லைங்கன்னு சொல்லுவியா?”

“அதான் நிஜம். அதைத் துப்பாக்கின்னே நான் நெனைக்கல. அது வாளியோட சாமான்.”

இப்படி ஒரு சண்டையை அவர்கள் அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை. கையை வீசி, கண்ணை உருட்டி, மூச்சுக்காற்றாலேயே திட்டிக்கொண்டார்கள். சுற்றிலும் காரிபூக்கள் கணுக்கால் சொடுக்கிக்கொண்டு போயின. பெர்னடீன் கருவாட்டை மென்றபடி நாடகம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வேட்டுக்கு மூச்சு வாங்கியது. சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“திரும்பி டெல்டா போய்க் குடுத்துட்டு வரணும். போகவர ஒரு நாள். ஆஜர் தேதிக்கு அரை நாள்கூட மிச்சம் இல்ல. ரோட்டுல வேற ஐஸ்.”

லோரெட்டா ரிவால்வரை எடுத்தாள். உருளையைத் திறந்து ஆறு தோட்டாவையும் உள்ளங்கையில் கொட்டினாள். அதன் கனம் மணிக்கட்டுக்குப் பழகின கனம். பெர்னடீன் பக்கம் நீட்டினாள்.

“நீ வச்சுக்கறியா?”

பெர்னடீன் மெல்லுவதை நிறுத்தினாள். “இனாமாவா?”

“இனாமாத்தான்.”

“இனாமெல்லாம் எனக்கு ஒத்துக்காது தாயி. ராத்திரி தூக்கம் வராது.” வண்டிக்குப் போய்க் கருவாட்டுப் பொட்டலம் முழுவதையும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு குளிர்காலத்துக்கு ஆகும். “இதுக்கு அது.”

“மீனுக்கு ரிவால்வரா?” என்றான் வேட் தரையிலிருந்து.

“ஏன் சார்ஜெண்ட், பசிச்சா ரிவால்வரைக் கடிச்சுத் திங்க முடியுமா?” லோரெட்டாவைப் பார்த்து, “கான்சாஸ்ல கரடி உண்டா?” என்றாள்.

“இல்லையாம்.”

“அப்ப அங்க ஜனங்க எதுக்குத்தான் பயப்படுவாங்க?”

“காத்துக்காம். சுத்திச் சுத்தி அடிக்குமாம். வீட்டையே தூக்கிட்டுப் போயிடுமாம்.”

“அதுக்கு இது உதவாது” என்று பெர்னடீன் ரிவால்வரையும் தோட்டாக்களையும் வாங்கினாள். வாங்கின விதத்திலேயே தெரிந்தது, அவளுக்கும் இது விளக்குமாறுதான். “நான் பழம் பறிக்கப் போறது ஆத்தோரம். அங்கயும் கரடி உண்டு. இது சும்மா கெடக்காது.”

லோரெட்டா தலையசைத்தாள்.

“எழுதணும்” என்று வேட் எழுந்தான். எழுதாவிட்டால் அவன் வேட் இல்லையே. பட்டியல் காகிதத்தைத் திருப்பி, சூடு ஆறாத இன்ஜின் மூடியில் வைத்து எழுதினான். தேதி, நேரம், மைல் எண், ரிவால்வரின் எண், கொடுத்தவர், வாங்கியவர், விலை: வெள்ளைமீன் கருவாடு ஒரு பொட்டலம். பெண்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இன்னொரு காகிதத்தில் அதையே எழுதிப் பெர்னடீனிடம் கொடுத்தான்.

“சாட்சி வேணுமே. நான் புருஷன், நான் போட்டா செல்லாது.”

“இத்தனை பேரு போறாங்களே, எவனையாவது நிறுத்திக் கேளு” என்றாள் பெர்னடீன்.

வேட் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றான். லோரெட்டா அதைக் கவனிக்கவில்லை. அவள் பழப் பைகளில் பெரிசாக இரண்டைப் பொறுக்கிப் பெர்னடீன் வண்டியில் வைக்கப் போயிருந்தாள்.

இன்னும் ஒரு மணி நேரம் கழித்துக் கூட்டம் மெலிந்தது. கடைசியாக நொண்டிக்கொண்டு ஒரு கிழக் கடா வந்தது. தனியாக, அவசரமில்லாமல், கடந்தது. சொடுக்குச் சத்தம் அந்தப் பக்கத்து மரங்களுக்குள் போய்த் தேய்ந்தது. சாலை முழுக்கச் சாணியும் குளம்படியும். மூன்று பேரும் அசையவில்லை. முதலில் பேசுகிறவர் யாராக இருந்தாலும் தப்பு என்பதுபோல இருந்தது. மஃபின்தான் குரைத்தது, எல்லாம் போன பிறகு, வீரமாக.

“இப்பக் குலை” என்றாள் பெர்னடீன்.

எல்லைக்கோட்டைத் தாண்டி இருபது மைல் போன பிறகுதான் கனடாக்காரர்களின் சாவடி. சிவந்த மூக்கும் வெள்ளை மீசையும் வைத்த அதிகாரி. பாரத்தை வாங்கி ரைஃபிள் எண்ணையும் இரட்டைக்குழல் எண்ணையும் பெட்டியைத் திறந்து சரிபார்த்தார்.

“வேற எதாவது உண்டுங்களா மேடம்? கைத்துப்பாக்கி?”

“இல்லைங்க” என்றாள் லோரெட்டா. குரல் நடுங்கியது. உண்மையைச் சொல்லும்போது இப்படி நடுங்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அதிகாரி அவளைப் பார்த்தார். பின்கதவைத் திறக்கச் சொன்னார். துணிப்பெட்டியைத் தொடவில்லை, பையைத் தொடவில்லை, முன்னிருக்கைக்கு அடியில் குனியவில்லை. நேராக வாளியை இழுத்தார். பழப் பைகளை ஒதுக்கி, கையை அடிவரைக்கும் விட்டார்.

“அலாஸ்கா அம்மாக்கள் எல்லாரும் இங்கதான் வைப்பாங்க” என்றார். “இருபத்திரண்டு வருஷமாப் பாக்கறேன். பாவம், கேட்டா ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது.”

துண்டு மட்டும் வந்தது. உதறினார். மூக்கருகே கொண்டுபோனார். துப்பாக்கி எண்ணெய் வாடை எங்கே போகும்?

“இதுல இருந்தது எங்கம்மா?”

வேட் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினான். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தேதி, மைல், எண். கருவாடு என்ற இடத்தில் மீசை அசைந்தது. கடைசி வரிக்கு வந்தார். வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

லோரெட்டா எட்டிப் பார்த்தாள். ‘சாட்சி’ என்று எழுதி, அதற்கு நேரே வேட் ஒரு கொம்பு வரைந்திருந்தான். மூன்று வருஷத்தில் அவன் ஒரு பூவைக்கூட வரைந்து அவள் பார்த்ததில்லை. மாட்டுக்கொம்பா மரக்கிளையா என்று சொல்ல முடியாத கோணல் கொம்பு. ஆனால் அதிகாரிக்குப் புரிந்துவிட்டது.

“வருதா?” என்றார். குரல் சாவடிக் குரலாக இல்லை. “எங்க ஊர்ல ரெண்டு வாரமாக் காத்துக்கிட்டு இருக்கோம். எத்தனை இருக்கும் சார்?”

“அறுநூத்தி நாப்பது வரைக்கும் எண்ணினேங்க.”

“அப்புறம்?”

வேட் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். “அதுக்கு மேல எண்ணுறது மரியாதையாப் படல.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். பாரத்தில் முத்திரை குத்தினார். காகிதத்தை மடித்து, வேட்டிடம் அல்ல, லோரெட்டாவிடம் கொடுத்தார். பிறகு சாவடிக்குள் எட்டி, “டேய், வருதுடா!” என்று யாருக்கோ குரல் கொடுத்துவிட்டு, வெளியே வந்து, அவர்கள் வந்த சாலையைப் பார்த்தபடி நின்றுகொண்டார். அடுத்த வண்டி பின்னால் ஹாரன் அடித்தது அவர் காதில் விழவில்லை.

லோரெட்டா அந்தக் காகிதத்தைக் கோட்டுக்குள், மார்புக்குக் குறுக்கே உறை தொங்குகிற இடத்தில் வைத்துப் பொத்தானைப் போட்டாள். கருவாட்டில் ஒரு துண்டு ஒடித்து வேட்டிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தான்.